எல்லாக் குதிரைக்கும் ஒரே கடிவாளமா? நம் குதிரையேற்றச் சங்க நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

தலைவர், செயலாளர், நிர்வாகக் குழு உறுப்பினர்கள் அனைவருக்கும்,

சேண அறைக் கதவில் நீங்கள் ஒட்டியிருக்கும் அறிவிப்பைப் பற்றி எழுதுகிறேன். பயிற்சிக் குதிரைகள் எல்லாவற்றுக்கும் இனி பெல்ஹாம் பிட் (இழுப்பை நெம்புகோல் போலப் பெருக்கும் வாய் இரும்பு) மட்டுமே, ரெயினை, அதாவது கையில் பிடிக்கும் வாரை, கீழ் வளையத்தில்தான் மாட்ட வேண்டும், தாடைச் சங்கிலி இறுக்கமாக இருக்க வேண்டும், மூக்குப்பட்டை கட்டாயம், புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு முதல் வகுப்பிலிருந்தே ஒற்றைக் கையால் ரெயின் பிடிக்கக் கற்றுத்தர வேண்டும் என்று அதில் இருக்கிறது. காரணம் என்ற இடத்தில் ‘பாதுகாப்பு’ என்று ஒரே சொல். அதுவரை மாட்டியிருந்த, நெம்புகோல் இல்லாத ஸ்னாஃபிள் பிட்களைச் சாக்கில் கட்டிப் பரணில் போட்டாயிற்று.

இந்த முடிவை எடுத்த கூட்டத்தில் பயிற்றுநர் ஒருவரும் இல்லை. குதிரைகளைப் பராமரிக்கும் சைஸ்களைக் கேட்கவில்லை. குதிரைகளின் வாயைப் பார்த்துவரும் என்னையும் கேட்கவில்லை. நான் எழுதிக் கொடுத்த குறிப்புக்கு, “குழு முடிவெடுத்துவிட்டது” என்று மட்டும் பதில் வந்தது. அதனால்தான் உறுப்பினர்களும் பெற்றோர்களும் படிக்கும்படி எழுத வேண்டியதாகிவிட்டது.

நான் கால்நடை மருத்துவர். கல்லூரியில் என்.சி.சி.யின் ரீமவுண்ட் அண்ட் வெட்டர்னரி பிரிவில் சேர்ந்துதான் குதிரையேறக் கற்றேன். நம் லாயத்துக் குதிரைகளின் பல்லை ராவுவதும் நான்தான், வார இறுதியில் சின்னப் பிள்ளைகளுக்கு வகுப்பெடுப்பதும் நான்தான். ரெயினின் ஒரு முனையில் இருக்கும் வாய், மறுமுனையில் இருக்கும் கை இரண்டையும் பார்க்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன்: இந்த முடிவு தவறு. குதிரைக்கு மட்டுமல்ல, பிள்ளைகளுக்கும் இதில் ஆபத்து இருக்கிறது.

இந்த அறிவிப்புக்குக் காரணமான விபத்தை, நம் குதிரை கர்ணன் மிரண்டு ஓடியதையும், மேலே இருந்த பையன் விழுந்து மணிக்கட்டு முறிந்ததையும் நான் சின்ன விஷயமாகப் பேச வரவில்லை. அந்தப் பையனின் பெற்றோருக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருந்தது, ஏதாவது செய்தாக வேண்டும் என்று நினைத்தீர்கள், அது புரிகிறது. ஆனால் என்ன நடந்தது என்று யாரும் உட்கார்ந்து விசாரிக்கவில்லையே. அந்த வாரம் மழை. மணல் மைதானத்தில் தண்ணீர் நின்றதால் குதிரைகள் லாயத்தை விட்டு வெளியே வரவில்லை. வேலை இல்லாத நாளில் தீனியைக் குறைக்க வேண்டும், குறைக்கவில்லை. கொள்ளும் ஓட்ஸும் வழக்கமான அளவிலேயே போய்க்கொண்டிருந்தன. மழை விட்டதும் லஞ்ச் கயிற்றில் (குதிரையைச் சுற்றி வட்டமாக ஓடவிடும் நீண்ட கயிறு) கொஞ்ச நேரம் ஓடவிட்டுத் துள்ளலை இறக்காமல் நேரே வகுப்புக்குக் கொண்டுவந்தார்கள். மதில் சுவருக்கு அந்தப் பக்கம் கோயில் ஊர்வலம், சரவெடி. இத்தனையும் ஒன்றாகச் சேர்ந்த இடத்தில் குதிரையின் வாயில் என்ன இரும்பு இருந்தது என்பது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. நீங்கள் அதை மட்டும்தான் கேட்டிருக்கிறீர்கள்.

சரி, அந்தக் கேள்வியையே எடுத்துக்கொள்வோம். பெல்ஹாம் மாட்டியிருந்தால் கர்ணன் நின்றிருப்பானா?

கர்ணன் கிண்டியில் ஓடிய குதிரை. நம் லாயத்தில் பாதிக்கு மேல் பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்று வந்த த்ரோப்ரெட் இனக் குதிரைகள்தான். தமிழ்நாட்டுக் குதிரையேற்றப் பள்ளிகள் பலவற்றிலும் இதே கதை. பந்தயக் குதிரைக்கு ரெயின் என்றால் என்ன என்பதை ஜாக்கியின் கைகளைப் பார்த்தால் தெரிந்துகொள்ளலாம். இரண்டு ரெயினையும் குறுக்காக ஒன்றன்மேல் ஒன்று பிடித்து, குதிரையின் கழுத்தில் அழுத்திக்கொண்டு, விடாத ஒரு பிடியில் வைத்திருப்பார். குதிரை அந்தப் பிடியின்மேல் தன் பாரத்தைச் சாய்த்துக்கொண்டு ஓடும். சின்ன வயதிலிருந்து காலைதோறும் இதைத்தான் செய்திருக்கிறது. விடாமல் இழுத்துப் பிடித்த ரெயின் அதற்கு நிற்கச் சொல்லும் கட்டளை கிடையாது. சாய்ந்துகொண்டு ஓடு என்பதுதான் அதற்குத் தெரிந்த பொருள். அன்று அந்தப் பையன் பயத்தில் என்ன செய்தான்? பயந்த எந்தப் பிள்ளையும் செய்வதைத்தான் செய்தான். உடம்பை முன்னால் குனித்து, குதிகாலால் வயிற்றை இறுக்கி, இரண்டு கையாலும் பலங்கொண்ட மட்டும் இழுத்தான். ஓடச் சொல்லும் மூன்று சமிக்ஞைகளும் ஒரே நேரத்தில் கர்ணனுக்குப் போயின.

அப்படிப்பட்ட ஒரு குதிரையின் வாயில் நெம்புகோல் பிட் இருந்து, அதே இழுப்பு வந்தால் இரண்டில் ஒன்று நடக்கும். வலிக்குப் பயந்து இன்னும் வேகமாக ஓடும். அல்லது முன்னால் போக வழியில்லாமல், பின்னால் போகவும் தெரியாமல், முன்னங்கால்களைத் தூக்கி எழும்பும். எழும்பும் குதிரையின் ரெயினைப் பிடித்துத் தொங்கினால் அது மல்லாக்க விழும், ஏறியிருப்பவர் அடியில் மாட்டுவார். குதிரையேற்றத்தில் உயிரே போகும் விபத்துகளில் இது முக்கியமான ஒன்று. மணிக்கட்டு முறிவைத் தடுக்க நீங்கள் எடுத்த முடிவு எந்தப் பக்கம் கொண்டுபோகும் என்று யோசித்துப் பாருங்கள்.

பெல்ஹாம் எப்படி வேலை செய்கிறது என்பதைப் பெற்றோர்களுக்காகக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். ஸ்னாஃபிளில் ரெயின் மாட்டும் வளையமும் வாய்க்கம்பியும் ஒரே மட்டத்தில் இருக்கும். கையில் ஒரு கிலோ இழுத்தால் வாய்க்கும் ஏறத்தாழ ஒரு கிலோதான் போகும். பெல்ஹாமில் வாய்க்கம்பிக்கு மேலே ஒரு சிறிய தண்டு, கீழே ஒரு நீளமான தண்டு. மேல் தண்டோடு ஒரு சங்கிலி தாடைக்குப் பின்னால் சுற்றி வரும்; அதுதான் கர்ப் செயின். கீழ் வளையத்தில் ரெயினை மாட்டி இழுத்தால் தண்டு பின்னால் சாயும், சங்கிலி தாடையை இறுக்கும், வாய்க்கம்பி உள்ளே ஈறை அழுத்தும், தலைவார் காதுகளுக்குப் பின்னால் இழுபடும். மேல் தண்டு 4 சென்டிமீட்டர், கீழ்த் தண்டு 8 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரெயினில் ஒரு கிலோ இழுத்தால் சங்கிலியில் ஏறத்தாழ இரண்டு கிலோ, வாய்க்கம்பியில் ஏறத்தாழ மூன்று கிலோ. இரண்டுக்கும் நடுவில் கீழ்த்தாடை. பத்தாம் வகுப்பு இயற்பியல்தான் இது.

அந்தக் கீழ்த்தாடையில் பிட் உட்காரும் இடம் எப்படி இருக்கும் என்று உங்களில் எத்தனை பேர் விரல் வைத்துப் பார்த்திருக்கிறீர்கள்? முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவில் பல் இல்லாத ஓர் இடைவெளி. அங்கே எலும்பு தட்டையாக இருக்காது, மேலே கூர்மையான விளிம்பாக நிற்கும். அதன்மேல் மெல்லிய சவ்வு மட்டும்தான், சதை கிடையாது. நரம்புகள் நிறைந்த இடம். ஆண் குதிரைகளுக்கு அதே பகுதியில் கோரைப் பல்லும் இருக்கும். வாயை மூடியிருக்கும்போது உள்ளே காலி இடம் என்று ஒன்று கிடையாது, நாக்கே முழுவதையும் நிரப்பிக்கொண்டிருக்கும். எந்தப் பிட்டாக இருந்தாலும் அது நாக்கை அமுக்கித்தான் இடம்பிடிக்கிறது. தொடர்ந்து அடிபட்டால் ஈறு புண்ணாகும், அடியில் இருக்கும் எலும்பின் மேல்தோல் வீங்கி, நாளடைவில் எலும்பு முளைவிடும். அந்த முளை பிறகு கரையாது.

உங்கள் அறிவிப்புக்குப் பிறகு குதிரைகளின் வாயைத் திறந்து பார்த்தேன். பவானிக்கு இரண்டு பக்க ஈறும் கன்றிப்போய் நீலம் பாரித்திருக்கிறது. கர்ணனுக்குத் தாடைக்குழியில் சங்கிலி தேய்த்து முடி உதிர்ந்து தோல் உரிந்திருக்கிறது; சங்கிலியைத் தட்டையாக முறுக்கிவிடாமல் அப்படியே மாட்டியிருக்கிறார்கள். சிட்டுவின் நிலைமைதான் மோசம். அது மட்டக்குதிரை, அதற்கு நாலரை அங்குலப் பிட்டே தாராளம். நீங்கள் மொத்தமாக வாங்கியது எல்லாம் ஐந்து அங்குலம். அகலமான பிட் ஒவ்வொரு இழுப்புக்கும் வாயில் இடமும் வலமும் ஓடி, ஒரு பக்க உதட்டோரத்தைக் கிழித்திருக்கிறது. “டாக்டரம்மா, தலைவாரைக் கையில எடுத்தாலே மூஞ்சிய சுவத்துப் பக்கம் திருப்பிக்குது” என்றார் சைஸ் அண்ணன் ஒருவர். பல வருடமாக வாயைத் தானே நீட்டிக் கடிவாளம் வாங்கிக்கொண்ட குதிரை அது.

வாங்கிய சரக்கைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கான்பூரில் முதல் தரமான சேணமும் பிட்டும் செய்கிறார்கள், உலகம் முழுக்கப் போகிறது. அதே சந்தையில் மலிவுச் சரக்கும் கிடைக்கும். நீங்கள் வாங்கியதில் சிலவற்றை விரலால் தடவிப் பாருங்கள்: வார்ப்பின் விளிம்பு அப்படியே நிற்கிறது, முலாம் உரிய ஆரம்பித்துவிட்டது. உரிந்த முலாம் பிளேடு மாதிரி. 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ், வண்டி இழுக்கும் விலங்குகளுக்கும் பொதி சுமக்கும் விலங்குகளுக்குமாக 1965இல் விதிகள் வந்தன. ஏறிச் செல்வதற்கானாலும் சரி, வண்டி இழுக்கவானாலும் சரி, முள்ளோ முண்டோ துருத்தலோ உள்ள பிட்டையும், சிராய்ப்போ வீக்கமோ கடும் வலியோ உண்டாக்கக்கூடிய கூர்மையான சாதனங்களையும் பயன்படுத்தக் கூடாது என்கிறது அதன் 8ஆம் விதி. நம் பெல்ஹாமில் முள் இல்லைதான். ஆனால் அந்த விளிம்புகளோடு அதை வாயில் வைத்துவிட்டு, விதி நமக்குப் பொருந்தாது என்று ஒரு சங்கம் சொல்ல முடியுமா?

வாய்க்குள் நடப்பது வெளியே தெரியாது என்பதுதான் இதில் பெரிய சிக்கல். ஃபின்லாந்தில் வண்டிப் பந்தயம் ஓடும் 261 குதிரைகளின் வாயைப் பந்தயம் முடிந்த கையோடு பரிசோதித்தார்கள். 84 விழுக்காட்டுக் குதிரைகளுக்குப் பிட் படும் பகுதியில் புதுக் காயம் இருந்தது. வாய்க்கு வெளியே ரத்தம் தெரிந்தது மிகச் சிலவற்றில்தான். ‘ரத்தம் வரவில்லையே, என்ன பிரச்சினை?’ என்று குழு உறுப்பினர் ஒருவர் கேட்டதாகக் கேள்விப்பட்டேன். இதுதான் அவருக்கு என் பதில்.

இப்போது மறுமுனைக்கு வருவோம். கற்க ஆரம்பிக்கும் பிள்ளைக்குக் கை என்பது தனியாக இயங்கும் உறுப்பே இல்லை. குதிரை டிராட் என்னும் துள்ளோட்டம் போகும்போது உடம்பு குதித்தால் கையும் கூடவே குதிக்கும். நிலை தடுமாறினால், பிரேக் போட்ட பேருந்தில் கம்பியைப் பிடிப்பது போல ரெயினைப் பிடித்துக்கொள்ளும். இதில் பிள்ளையைக் குறை சொல்ல எதுவுமில்லை. இடுப்பும் தொடையும் பழகும்வரை எல்லோருக்கும் இப்படித்தான். அந்தக் கைக்குக் கொடுக்க வேண்டியது தவறைக் குறைத்துக் கொண்டுசேர்க்கும் பிட். நீங்கள் கொடுத்திருப்பது தவறை மூன்று மடங்காக்கும் பிட். போனவாரம் என் வகுப்பில் ஒரு சிறுமி, “மிஸ், நான் சும்மாதான் பிடிச்சேன், இவ ஏன் தலையை இப்படித் தூக்குறா?” என்று கேட்டாள். அவளுக்கு நான் என்ன பதில் சொல்வது? அவள் சும்மாதான் பிடித்தாள். பவானியின் வாயில் போய்ச் சேர்ந்தது சும்மா இல்லை.

இதைத் தெரிந்ததால்தான் பழைய பள்ளிகள் ஆரம்பத்தில் ரெயினையே கொடுப்பதில்லை. வியன்னாவின் ஸ்பானியக் குதிரையேற்றப் பள்ளியில் புதிதாகச் சேரும் இளைஞர்கள் நீண்ட காலம் லஞ்ச் கயிற்றில்தான் ஏறுகிறார்கள். ரெயினும் இல்லை, கால் வைக்கும் அங்கவடியும் இல்லை. உட்காரப் பழகிய பிறகுதான் கைக்கு வேலை. அவ்வளவு நமக்கு முடியாது, நம் பிள்ளைகள் வாரத்துக்கு ஒருநாள் வருகிறார்கள், ஒப்புக்கொள்கிறேன். முதல் சில வகுப்புகளையாவது அப்படி நடத்தலாமே. பழைய அங்கவடி வார் ஒன்றைக் குதிரையின் கழுத்தில் கட்டிவிட்டால் தடுமாறும்போது பிள்ளை பிடித்துக்கொள்ள அது போதும். செலவு ஒரு பைசா கிடையாது.

அடுத்தது அந்த ஒற்றைக் கை விஷயம். போலோ ஆட்டத்திலும் அமெரிக்க மேய்ச்சல் பாணியிலும் ஒற்றைக் கையால் ஓட்டுவதைப் பார்த்து, மறு கை சேணத்தைப் பிடித்துக்கொள்ளக் காலியாக இருக்குமே என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது. பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பாணியில் குதிரை திரும்புவது வாயை இழுப்பதால் இல்லை. வலப்பக்கம் திரும்ப, கழுத்தின் இடப்பக்கத்தில் ரெயின் லேசாகப் படும்; அந்தத் தொடுதலுக்கும் ஏறியிருப்பவரின் உடல் திரும்புவதற்கும் குதிரை பதில் சொல்லும். அது குதிரைக்குக் கற்றுக்கொடுத்து வர வேண்டியது. அதுவும் முதலில் இரண்டு கையில் ஸ்னாஃபிளோடு, பக்கவாட்டில் ரெயினைத் திறந்து காட்டி, பிறகு கழுத்துத் தொடுதலைச் சேர்த்து, மெல்ல மெல்ல. கலிஃபோர்னியாவின் பழைய வக்கேரோ (குதிரையேறி மாடு மேய்ப்பவர்) மரபில் குதிரைக்கு முதலில் வாயில் எதுவுமே வைக்காமல் மூக்கில் மட்டும் போசால் என்னும் மூக்கு வளையம் கட்டிப் பழக்குவார்கள். நீளத் தண்டுப் பிட்டுக்கு வந்துசேரப் பல ஆண்டுகள் ஆகும். வந்துசேர்ந்த பிறகும் ரெயின் தொய்வாகத்தான் தொங்கும். தோலின் கனம் அசைந்தாலே குதிரைக்குச் சேதி போய்விடும். நீளத் தண்டு அங்கே இழுப்பதற்காக இல்லை, இழுக்கத் தேவையே இல்லாத கைக்காக. நீங்கள் அந்தப் பாணியிலிருந்து இரும்பை மட்டும் எடுத்துக்கொண்டு, ஆண்டுகளை விட்டுவிட்டீர்கள்.

நம் குதிரைகளில் கழுத்து ரெயின் தெரிந்தது சிட்டு ஒன்றுதான், மலைவாசஸ்தலத்தில் சவாரி போன குதிரை என்பதால். மற்றவற்றுக்குத் தெரியாது. தெரியாத குதிரையை ஒற்றைக் கையால் வலப்பக்கம் திருப்ப முயலும் பிள்ளை என்ன செய்யும்? கையைக் குறுக்கே இழுக்கும். அப்போது எதிர்ப்பக்க ரெயின் இறுகி, தண்டு சாய்ந்து, குதிரையின் மூக்கு இடப்பக்கமும் உடம்பு வலப்பக்கமுமாகப் போகும். சென்ற சனிக்கிழமை மைதானத்தில் நின்று பார்த்த பெற்றோர்களுக்கு இதை நான் விளக்கவே வேண்டாம்.

தொடக்க வகுப்புக்கு ஏற்றது திறந்த ரெயின். வலப்பக்கம் போக வேண்டுமா, வலது கையைக் கதவு திறப்பதுபோல் வெளியே கொண்டுபோ, இழுக்காதே, அவ்வளவுதான். ஆறு வயதுப் பிள்ளைக்கும் புரியும், குதிரைக்கும் புரியும். நெம்புகோல் பிட்டில், அதுவும் ஒரே ரெயின் கீழ் வளையத்தில் இருந்தால், இதைச் செய்யவே முடியாது. இன்னொன்றும் சொல்கிறேன்: குதிரை ஓட ஆரம்பித்தால் அதை நிறுத்தும் வழி ஒரு பக்க ரெயினால் தலையைத் திருப்பி, வட்டத்துக்குள் கொண்டுவந்து, வட்டத்தைச் சிறிதாக்குவது. அதற்கும் இரண்டு கை வேண்டும், பக்கவாட்டில் தெளிவாக வேலை செய்யும் பிட் வேண்டும். பாதுகாப்புக்கு என்று நீங்கள் பரணில் போட்டது அதைத்தான்.

பெல்ஹாமே கெட்டது, ஸ்னாஃபிளே நல்லது என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். முறுக்குக் கம்பியில் செய்த மெல்லிய ஸ்னாஃபிள், அமைதியான கையில் இருக்கும் பெல்ஹாமைவிடக் கொடியது. நேரான வாய்க்கம்பியும் இரண்டு ரெயினும் உள்ள பெல்ஹாமில் நிம்மதியாகப் போகும் குதிரைகளை எனக்குத் தெரியும். அது இரண்டு ரெயினுக்காகச் செய்யப்பட்ட பிட். மேல் ரெயினில் பெரும்பாலான வேலை, கீழ் ரெயின் தேவைப்படும் கணத்துக்கு மட்டும். சங்கிலி எப்போதும் இறுகியிருக்கக் கூடாது, தண்டு ஏறத்தாழ 45 பாகை சாய்ந்த பிறகுதான் பிடிக்க வேண்டும். நீங்கள் மேல் ரெயினை எடுத்துவிட்டுச் சங்கிலியை இறுக்கச் சொல்லியிருக்கிறீர்கள். பெல்ஹாமில் இருந்த நல்லது இரண்டும் அதோடு போயிற்று.

தடிமனான பிட் என்றால் மென்மை என்பதும் அரை உண்மைதான். ஒரே அளவு இழுப்பு அகலமான இடத்தில் பரவும் என்பது சரி. டிரசாஜ் என்னும் குதிரை நடைப் போட்டியின் சர்வதேச விதிகளும் பெரிய குதிரைகளின் ஸ்னாஃபிள் 14 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்கின்றன. ஆனால் பவானி மார்வாரிக் குதிரை, சின்ன வாய், தடித்த நாக்கு, தாழ்ந்த அண்ணம். அதற்குத் தடித்த பிட் போட்டபோது வாயை மூடவே முடியாமல் தவித்தது. நடுவில் ஒரே மூட்டு உள்ள ஸ்னாஃபிளும் சரிவரவில்லை, இழுக்கும்போது மடங்கி அண்ணத்தில் குத்தியது. நடுவில் சிறு வில்லை வைத்த இரட்டை மூட்டு ஸ்னாஃபிள் போட்ட பிறகுதான் தலை ஆட்டுவதை நிறுத்தியது. இதைக் கண்டுபிடிக்க வாயைப் பார்த்தோம், பல்லைப் பார்த்தோம், ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தோம். அந்தப் பிட்டும் இப்போது அந்தச் சாக்குக்குள்தான் கிடக்கிறது.

மூக்குப்பட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. வலிக்கும் குதிரை வாயைத் திறக்கும். வாயைக் கட்டிவிட்டால் திறக்காது, அவ்வளவுதான். வலி அங்கேயே இருக்கும். மூக்கெலும்பின் மேல் பெரியவர்களின் இரண்டு விரல் நுழைய வேண்டும் என்பது பழைய விதி. சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு அதை அளக்க 2025 முதல் தனிக் கருவியே கொண்டுவந்திருக்கிறது, விரல் ஆளுக்கு ஆள் மாறுகிறது என்பதால். நம் லாயத்தில் இப்போது ஒரு விரல்கூட நுழையவில்லை.

பிட்டே வேண்டாம், எல்லாவற்றையும் கழற்றிவிடலாம் என்று சொல்லும் உறுப்பினர்களும் சிலர் இருக்கிறார்கள். கயிற்றில் பிடித்து நடத்தும் சின்னப் பிள்ளைகளுக்குப் பக்கவாட்டு வளையம் வைத்த மூக்குவாரே போதும், நானும் அதை ஆதரிக்கிறேன். தண்டு வைத்த மூக்குவாரான ஹாக்கமோர் மட்டும் வேண்டாம். வாயில் இரும்பு இல்லையே தவிர அதுவும் நெம்புகோல்தான், மூக்கெலும்பை அழுத்தும்.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்கோ போலோ, கடல் கடந்து இத்தனை குதிரைகளை விலைகொடுத்து வாங்குகிறார்கள், பராமரிக்கத் தெரிந்த ஆள் இல்லாமல் சாகவிடுகிறார்கள் என்று எழுதினார். வெளியூர்க்காரர் பேச்சு, கொஞ்சம் மிகைப்படுத்தியும் இருப்பார். ஆனாலும் ஒரு வித்தியாசத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை: நம் லாயத்தில் தெரிந்த ஆட்கள் இருக்கிறார்கள். முப்பது வருடம் குதிரையோடு வாழ்ந்த சைஸ்கள் இருக்கிறார்கள். அவர்களைக் கூட்டத்துக்குக் கூப்பிட நமக்குத் தோன்றவில்லை.

நான் கேட்பவை இவைதான். அந்த அறிவிப்பை உடனே திரும்பப் பெறுங்கள். வாயில் காயம் இருக்கும் பவானி, கர்ணன், சிட்டு மூன்றுக்கும் ஆறும்வரை வாயில் எதையும் மாட்டாமல் ஓய்வு கொடுங்கள். மற்ற குதிரைகளின் வாயை நானோ நீங்கள் நம்பும் வேறொரு மருத்துவரோ பரிசோதித்து எழுத்தில் தர ஏற்பாடு செய்யுங்கள். ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு அட்டை வையுங்கள்: பிட்டின் வகை, அகலம், தடிமன், தலைவாரின் துளை எண், கடைசியாகப் பல் ராவிய தேதி. அதை மாற்றும் அதிகாரம் பயிற்றுநரும் மருத்துவரும் அந்தக் குதிரையின் சைஸும் சேர்ந்து கையெழுத்திட்டால் மட்டுமே. முலாம் உரிந்த, விளிம்பு நிற்கும் பிட்களைக் கடைக்குத் திருப்பி அனுப்புங்கள், திருப்ப முடியாவிட்டால் உடைத்துப் பழைய இரும்புக்குப் போடுங்கள். இன்னொரு லாயத்துக்கு விற்றுவிடாதீர்கள்.

புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு முதல் வகுப்புகள் லஞ்ச் கயிற்றில், கழுத்துவாரோடு நடக்கட்டும். தனியாக ரெயின் கொடுப்பது எப்போது என்பதை வயதோ கட்டிய கட்டணமோ தீர்மானிக்க வேண்டாம், அந்தப் பிள்ளையின் உட்காரும் நிலையைப் பார்த்துப் பயிற்றுநர் தீர்மானிக்கட்டும். வேலை இல்லாத நாள்களில் கொள்ளையும் ஓட்ஸையும் குறைத்து உலர்புல்லைக் கூட்டும் தீனிப் பட்டியல் ஒன்று லாயத்தில் தொங்க வேண்டும். பக்கத்துக் கோயிலின் விழா நாள்களை முன்கூட்டியே கேட்டு வாங்கி, அந்த மாலைகளில் வகுப்பை நிறுத்துங்கள். கோயில் நிர்வாகத்திடம் பேச நானே வருகிறேன். கர்ணன் ஓடிய நாளைப் பற்றி, அங்கே இருந்த எல்லோரையும் கேட்டு, முறையான விபத்து அறிக்கை ஒன்று எழுதுங்கள். அதன் நகல் அந்தப் பையனின் பெற்றோருக்குப் போக வேண்டும்.

அடுத்த பொதுக்குழுவின் நிகழ்ச்சி நிரலில் இதைச் சேர்க்கும்படி கேட்டு, விதிப்படி உறுப்பினர்களின் கையெழுத்தோடு தனி மனுவும் தந்திருக்கிறேன். அதுவரை என் வகுப்பில் கீழ் வளைய ரெயினோடு எந்தக் குதிரையும் எந்தப் பிள்ளையும் மைதானத்துக்குள் வரமாட்டார்கள். பரணில் இருக்கும் சாக்கை இறக்கித் தந்தால் வரும் சனிக்கிழமை காலை வழக்கம்போல வகுப்பு நடக்கும். தராவிட்டால் அன்று பிள்ளைகளுக்குத் தலைவார் துடைக்கவும், பிட் அளக்கவும், குதிரையின் வாயைப் பார்க்கவும் சொல்லித்தருவேன். குழு உறுப்பினர்களும் அன்று வாருங்கள், ஏழு மணிக்கு லாயத்தில் இருப்பேன்.

இப்படிக்கு,
சங்கத்தின் ஆயுள் உறுப்பினர், கால்நடை மருத்துவர், வார இறுதிப் பயிற்றுநர்